படப்பகிர்வு (பொழுதுபோக்கு ஒளிப்படக்கலை)

படப்பகிர்வு என்பது, பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகக் கேமரா பிடிப்பவர்கள் தாம் எடுத்த அன்றாடப் படங்களைத் தம்மையொத்த ஆர்வலர்களுக்குக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் படங்களையும் பார்க்கும் வழக்கம். கல்யாண ஆல்பத்தை உறவினரிடம் நீட்டுவது இதில் சேராது. அங்கே பார்ப்பவர் தம் முகத்தைத்தான் தேடுவார். சக ஆர்வலரோ வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எடுத்தவர் ஏன் உட்காராமல் நின்றார், அந்த ஓரத்துக் கம்பத்தைத் தவிர்த்திருக்க முடியாதா என்று கேட்பார். படம் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, அதில் இருப்பவர் யார் என்ற கேள்வியும் உடன் வரும். பகிர்வின் மற்ற பயன்களைவிட நீடித்து நிற்பது இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான்.

தொடக்கம்

ஒளிப்பட முறைகள் 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. இருபது ஆண்டுக்குள்ளேயே சங்கங்கள் வந்துவிட்டன: லண்டனில் 1853, பம்பாயில் 1854, கல்கத்தாவில் 1856. சென்னையிலும் அதே காலத்தில் ஒரு சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். அவர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி.

மதராஸ் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1854 இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களைச் சொந்த ஆர்வத்தில் படமெடுத்தார். அவற்றை 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தபோது பாராட்டுக் கிடைத்தது. மறு ஆண்டே அவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் ஆனார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களின் மிகப் பழைய படத் தொகுதிகளில் அவருடையவை முக்கியமானவை. விளையாட்டாகத் தொடங்கியதை நான்கு பேர் பார்வைக்கு வைத்ததால் நமக்கு அவை கிடைத்தன.

லண்டனில் 1855 வாக்கில் இயங்கிய ஒரு பரிமாற்றக் குழு இவ்வழக்கத்துக்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு உறுப்பினரும் தம் படத்தை மற்ற எல்லோருக்கும் ஒரு பிரதி வீதம் அச்சிட்டுத் தர வேண்டும். அவை ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன. எடுத்த முறை, இடம் போன்ற விவரங்களும் படத்தோடு சேர்ந்தே போயின. பின்னாளில் பிரிட்டனில் தபால் பெட்டி முறை வந்தது. படங்கள் அடங்கிய பெட்டி உறுப்பினர் வீட்டிலிருந்து அடுத்த உறுப்பினர் வீட்டுக்குப் பயணிக்கும். ஒவ்வொருவரும் தம் கருத்தை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, தம் புதிய படத்தையும் வைத்து, அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு சுற்று முடிந்து பெட்டி திரும்பி வரும்போது படத்தைவிடக் குறிப்புத்தாள் கனமாக இருந்தால் அதுவே வெற்றி.

கோடாக் கேமரா 1888-இலும் ஒரு டாலர் பிரௌனி 1900-இலும் வந்தபின் ஆர்வலர் கூட்டம் பெருகியது. இந்தியாவில் நடுத்தர வீடுகளுக்கு அந்த வேலையைச் செய்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளில் 12 படம். ஒன்றை வீணாக்கினால் மாதச் செலவில் தெரியும் என்பதால், எடுக்கும் முன் யோசிக்கும் பழக்கம் தானாகவே வந்தது.

சங்கமும் போட்டியும்

இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு 1953-இல் அமைந்தது. உலக அளவிலான ஃபியாப் அமைப்பு அதற்குச் சற்று முன்னர், 1950-இல் தோன்றியது. இவற்றின் ஆதரவில் நடக்கும் ‘சலூன்’ போட்டிகளில் ஒருவர் ஒரு பிரிவுக்கு நான்கு படம் வரை அனுப்பலாம். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். தேர்வான படங்கள் சேரச் சேரப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்களும் சேரும். தொழில்நுட்பத் தரம் உயர இது பெரிதும் உதவியது. ஆனால் நடுவரின் கண் ஒரு படத்தின் மீது சில நொடிகளே நிற்கும். அந்த நேரத்துக்குள் கண்ணைப் பறிக்காத அன்றாடக் காட்சி தோற்றுப்போகும். டீக்கடை வாசலில் பேப்பர் படிப்பவர் தோற்பார், சுருக்கம் விழுந்த கிழவரின் முகம் ஜெயிக்கும். இப்போட்டிகளில் முதியவர் முகங்கள் ஏன் இவ்வளவு என்று கேட்டால் பதில் இதுதான்.

வார இறுதி நடைக் குழுக்கள் இதற்கு மாற்றாக அமைந்தன. சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் ஞாயிறு காலைகளில் மயிலாப்பூர் மாட வீதி, காசிமேடு என்று சேர்ந்து நடந்து, எடுத்ததைப் பகிர்ந்துகொண்டன. இங்கே மதிப்பெண் கிடையாது. ஒரே தெருவை இருபது பேர் எடுத்ததைப் பார்க்கும்போது, தான் கவனிக்காமல் தாண்டிப்போனது எது என்று ஒவ்வொருவருக்கும் புரிகிறது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை நடத்திய ஊடகப் போட்டி இன்னொரு வகை. தொழில்கள், கருவிகள், உணவு எனத் தமிழர் வாழ்வின் அன்றாடப் பொருள்களைப் படமெடுத்துப் பொதுப் பயன்பாட்டுக்குத் தருமாறு அது அழைத்தது. ஏறத்தாழ 15,000 கோப்புகள் சேர்ந்தன. ஆட்டுக்கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் இப்படியொரு அழைப்பு வருவது அரிது.

மலைத் தோட்டங்கள்

தமிழர் வாழ்வில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்டு, மிகக் குறைவாக விவரம் எழுதப்பட்ட இடங்களில் ஒன்று தேயிலைத் தோட்டம். இதற்கு ஒரு பழைய உதாரணம் இலங்கையில் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் 1863-இல், 48 வயதில், கேமராவைக் கையில் எடுத்தவர். படங்களைப் பகிர்வதில் தாராளமானவர். 1864-இல் ஒரு முழு ஆல்பத்தையே அறிவியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குப் பரிசளித்தார். 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-இல் அங்கேயே மறைந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசன், டார்வின், ஹெர்ஷல் எல்லோருக்கும் பெயர் உண்டு. இலங்கையில் அவர் கேமரா முன் நின்ற உள்ளூர் மக்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெரும்பாலும் பெயரில்லை. (மலேசியாவின் கேமரன் மலைக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அந்தப் பெயர் 1885-இல் அங்கே நில அளவை செய்த வில்லியம் கேமரனுடையது.)

மலேசியத் தோட்டங்களிலும் இதே குறைதான். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே போனால், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே வருகிறது கோலா தெர்லா என்ற ஊர். 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனம் இம்மலையில் தேயிலையைப் பெருந்தொழிலாக்கியது. தென்னிந்தியத் தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்தார்கள். சுற்றுலாப் பயணிகளோ சுங்கை பாலாஸ் தோட்டத்தின் பார்வை மாடத்தில் நின்று, சீவிவிட்டது போன்ற பச்சைச் சரிவை எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோலா தெர்லாவை அவர்கள் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். அதன் பள்ளத்தாக்கில் காய்கறிப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் பளபளக்கும். அழகான படமாக வராது என்பதால் யாரும் எடுப்பதில்லை, ஆனால் இன்றைய கேமரன் மலை பெருமளவு அதுதான்.

தோட்டத்துக்குள்ளும் இதே கதை. முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண் என்பது அஞ்சலட்டைப் படம். இப்போது மிதமான சரிவுகளில் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வரிசைக்கு மேலாக ஓர் இயந்திரத்தை நகர்த்துகிறார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து காற்றோடு பின்னால் பறந்து, இழுபடும் நீண்ட பைக்குள் விழுகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் கத்தரி. வேலை செய்பவர்களில் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே இன்று அதிகம். ‘தமிழ்ப் பெண் கொழுந்து பறிக்கிறாள்’ என்று பழக்கத்தில் தலைப்பு எழுதுபவரை, தோட்டத்தில் வளர்ந்த ஒரு சக ஆர்வலர் ஒரே வரியில் திருத்திவிடுவார். தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டு முற்றம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மழைக்கோட்டோடு நிற்பது போன்ற படங்கள் அவரிடமிருந்தே வர வேண்டும்.

கேமரன் மலையில் எடுப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கைப்பழக்கங்கள் சில உண்டு. மூடுபனியின் வெண்மையைக் கேமராவின் ஒளிமானி தவறாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கும், அதனால் ஒரு ‘ஸ்டாப்’ அளவு வெளிச்சம் கூட்டி எடுக்க வேண்டும். ஈரப்பதத்தால் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரம் நீக்கும் பெட்டி (டிரை கேபினட்) இல்லாதவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்கிறார்கள். தொழிலாளியின் முகத்தை நெருங்கி எடுக்குமுன் கேட்க வேண்டும் என்பது பழக்கமாக அல்ல, விதியாகவே இருக்க வேண்டும். வேலை நடுவே நிற்பவர் மறுப்பது எளிதல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும்.

இன்றைய நிலை

கைப்பேசியால் பகிர்வு நொடிப்பொழுதானது, குறிப்புத்தாள் மட்டும் மெலிந்துவிட்டது. பத்துப் படத்துக்குப் பத்துக் கட்டைவிரல் குறி வருகிறது, ‘இது தோட்டத்தில் எந்த டிவிஷன்?’ என்று கேட்பவர் அரிது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு, கேமரா அதனுள் எழுதி வைத்த தேதி, இடம் போன்ற தகவல்களையும் இழக்கிறது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படத்தின் தரமும் தகவல்களும் தங்கும். யார், எங்கே, என்ன வேலை என்பதைக் கேமரா எழுதாது. அதை அனுப்புபவரே தட்டச்சிட வேண்டும். குடும்பப் படம், குழந்தைகள் படம் என்றால் இடத் தகவலை நீக்கி அனுப்புவதே சரி.