படத்தைப் பார்த்தாலே விளங்கும்தானே?

ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும்போது நம்மில் பலர் சொல்லும் வசனம் இது. வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு விளங்கும். இல்லாத பிள்ளை மௌசைப் பிடித்துக்கொண்டு முழிக்கும். அந்தப் பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன், இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம்.

1975 இல் அமெரிக்காவின் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கன்பீல்ட் ஸ்மித் என்பவர், தமது கலாநிதிப் பட்ட ஆய்வில், கணினித் திரையில் வரும் சிறு படத்துக்கு 'ஐகன்' என்று பெயர் வைத்தார். பின்னர் அவர் ஸெரொக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1981 இல் அந்நிறுவனம் 'ஸ்டார்' என்ற கணினியை வெளியிட்டது. அதன் திரையில் என்ன இருந்தது? தாள், கோப்புறை, கோப்பு லாச்சி, வரும் கடிதத்துக்கு ஒரு தட்டு, போகும் கடிதத்துக்கு ஒரு தட்டு. அச்சொட்டாக ஓர் அமெரிக்கக் கந்தோர் மேசை!

அந்தக் கந்தோரில் வேலை செய்பவர் தினமும் தொடும் பொருட்களைத் திரையில் காட்டினால் பயமில்லாமல் பழகிக்கொள்வார் என்பதுதான் யோசனை. அப்படியிருந்தும் அவர்கள் "பார்த்தாலே விளங்கும்" என்று விட்டுவிடவில்லை. நான்கு விதமான படத் தொகுதிகளை வரைந்து, ஆட்களிடம் காட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் வரைந்த மூலை மடிந்த தாள் இன்றும் நமது போனில் 'ஆவணம்' என்ற பொருளில் நிற்கிறது.

1984 இல் அப்பிளின் மக்கின்டொஷ் வந்தது. அதற்குப் படம் வரைந்த சூசன் கெயர் கணினிப் பொறியியலாளர் அல்ல; சித்திரக் கலை படித்தவர். நமது பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுர ரூல் கொப்பி போன்ற ஒன்றை வாங்கி, 32க்கு 32 கட்டங்களை நிரப்பி வரைந்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். 1990 இல் மைக்ரோசொப்டின் வின்டோஸ் 3.0 வந்தபோது, அதற்கும் 16 நிறங்களில் படம் வரைந்தவர் அவரேதான். போட்டிக் கம்பனிகள் இரண்டு, கை ஒன்று!

அதற்காக எல்லா இடத்திலும் ஒரே படம் என்று நினைக்க வேண்டாம். மக்கில் குப்பைத் தொட்டி. வின்டோஸ் 95 இல் அதுவே மீள்சுழற்சித் தொட்டி. லினக்ஸ் உலகில் இன்னொரு வழி எடுத்தார்கள். 'ஆவணத்தைச் சேமி' போன்ற பெயர்களை மட்டும் பொது நியமமாக்கிவிட்டு, படத்தை வரைபவரின் விருப்பத்துக்கு விட்டார்கள். சர்வதேச நியம அமைப்பும் 2000 இல் ஐகன்களுக்கென ஒரு நியமத்தை வெளியிட்டது.

அரபு மொழிக்கு மாற்றிய போனை எடுத்துப் பாருங்கள். 'பின்செல்' அம்புக்குறி வலப்பக்கம் காட்டும். வலமிருந்து இடமாக வாசிப்பவருக்குப் 'பின்' என்பது வலப்பக்கம்தானே. ஆனால் வீடியோவை ஓட விடும் முக்கோணம் திரும்பாது. அது வாசிக்கும் திசையைக் காட்டவில்லை, ஒலிநாடா ஓடிய திசையைக் காட்டுகிறது என்பது வடிவமைப்பாளர்கள் தரும் விளக்கம். ஒலிநாடாவைக் காணாத பிள்ளை இதை எப்படி ஊகிக்கும்?

சேமிப்பதற்கு வரும் சதுரப் படமும் இப்படித்தான். அது 1.44 மெகாபைட் மட்டும் கொள்ளும் பிளொப்பி டிஸ்க். 1998 இல் அப்பிள் தனது ஐமக் கணினியிலிருந்து அதைக் கழற்றிவிட்டது. 2011 இல் சோனி ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்தியது. பொருள் போய்விட்டது, படம் மட்டும் நிற்கிறது. மாற்றினால், பழகியவர்கள் தடுமாறுவார்கள்.

ஆக, இவை பார்த்தவுடன் விளங்கும் படங்கள் அல்ல. ஒரு காலத்தில் ஒரு நாட்டின் கந்தோரில் இருந்தவருக்கு விளங்கியவை. நமது பிள்ளைகளுக்கு இவை எழுத்துக்கள் மாதிரி. 'அ' ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் தானாக ஊகிப்பதில்லை. நாம் கைபிடித்துச் சொல்லிக் கொடுக்கிறோம், பிள்ளை பழகுகிறது. ஐகனுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

அடுத்த பாடத்தில் நாம் ஒன்று செய்து பார்க்கலாம். சதுர ரூல் கொப்பியில் 32க்கு 32 கட்டம் அடைத்து, 'சேமி' என்பதற்குப் பிள்ளைகளையே ஒரு படம் வரையச் சொல்வோம். சிலர் உண்டியல் வரைவார்கள், சிலர் அலுமாரி வரைவார்கள். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்கச் சொல்வோம். ஒருவருக்கு விளங்கும் படம் மற்றவருக்கு விளங்காது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் என்ன வரைந்தார்கள் என்று சொல்லுங்கள்.