சிங்க் கழிவுக்குழாய்

சமையலறை சிங்கிலிருந்து கழுவுநீரை வெளியேற்றும் குழாய். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடு போன்ற வன்னி ஊர்களில் இந்நீர் பெரும்பாலும் வளவின் வாழையடிக்கோ ஊறுகுழிக்கோ போகிறது.

சிங்க் மாற்றும்போது முதலில் அளக்க வேண்டியது ஆழம். புதியது பழையதைவிட ஆழமானால் அதன் வாய், சுவர்க்குழாய்க்குக் கீழே இறங்கிவிடும். பிறகு நீர் வடியாது. அப்போது சுவரை உடைத்துக் குழாயைத் தாழ்த்துவதே சரி. மடிப்புகளுள்ள நெகிழ்குழாயைக் கொண்டு சமாளிப்பது வீண்வேலை. அதன் மடிப்புகளில் கொழுப்புப் படியும்.

சிங்கின் அடியில் வரும் வளைகுழாயை (trap) ஒருபோதும் பூட்டாமல் விடக்கூடாது. அதில் தங்கும் நீரே நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. இவ்வகை வளைவுக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்றார், கழிப்பறைக்காக. பழைய வளைகுழாயைக் கழற்றுமுன் கீழே வாளி வைத்து, திறந்த குழாய்வாயைத் துணியால் அடைக்கவும். கிடைக்குழாய்க்கு 40 அங்குலத்துக்கு 1 அங்குலச் சரிவு போதும். பூட்டியபின் சிங்கை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்து கசிவு பார்க்கவும்.