கதவடைக்காத இல்லத்தின் நாய்கள்

கழுத்தில் சிறு மதுப்பீப்பாய் தொங்க, பனிக்குவியல் நடுவே நிற்கும் பெரிய நாயின் படத்தைப் பழைய நாட்காட்டிகளில் நம்மில் பலர் கண்டிருப்போம். புனிதர் ஒருவரின் பெயரையே தாங்கிய 'செயிண்ட் பெர்னார்ட்' இனம் அது. அந்தப் புனிதர் கிளேர்வோ மடத்தலைவரான பெர்னார்து அல்லர். அவருக்கு முன் வாழ்ந்து, இத்தாலியின் அவோஸ்தாவில் தலைமைத் திருத்தொண்டராகப் பணியாற்றியவர். இன்றைய சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் ஆல்ப்ஸ் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், 1050-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வழிப்போக்கர்களுக்கென ஓர் இல்லம் அமைத்தார். உரோமைக்குச் செல்லும் திருப்பயணிகளும் வணிகரும் பனியிலும் கள்வர் கையிலும் மடிந்த வழி அது. பிற்காலத்தில் புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் அவ்வில்லத்தைப் பேணினர். வந்தவர் யார், எச்சமயத்தார் என்று கேளாமல் உணவும் படுக்கையும் தருவதே அவர்களது பணி.

ஆனால் புனித பெர்னார்து நாய் வளர்த்தவர் அல்லர். நாய்கள் அம்மலைக்கு வந்தது அவருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகே. 1695-இல் தீட்டப்பட்ட ஓவியங்கள் அவ்வில்லத்தில் உள்ளன. அவற்றில்தான் அந்நாய்களை முதன்முதலாகக் காண்கிறோம். 1707-ஆம் ஆண்டின் குறிப்பொன்று, நாய் ஒன்று பனிச்சரிவில் புதைந்துபோனதைத் தெரிவிக்கிறது. அடுத்த ஆண்டுக் குறிப்போ, அடுப்பங்கரையில் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்ற நாயைச் சக்கரத்தில் ஓடவிட்ட செய்தியைச் சொல்கிறது! பள்ளத்தாக்குப் பண்ணைகளில் காவல் காத்த பெருநாய்களின் வழித்தோன்றல்கள் இவை. மலையிலும் முதலில் காவலுக்கென்றே இவற்றை வளர்த்தனர் என்று கருதப்படுகிறது.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். காவல் நாய்க்கு அந்நியர் பகைவர். இந்த இல்லமோ அந்நியருக்காகவே எழுப்பப்பட்டது. நாள்தோறும் முன்பின் அறியாதவர் படியேறி வரும் வீட்டில், கடிக்கும் நாய்க்கு இடம் ஏது? சீறியவை நிலைத்திருக்க முடியாது. சாந்தமானவையே நிலைத்துக் குட்டி ஈன்றிருக்கும். வளர்ப்பும் அதற்கு ஏற்றதாக இருந்தது. குட்டிகள் கண் திறந்த நாள் முதலே புதிய முகங்களையும் புதிய குரல்களையும் அறிந்தன. பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆவது வாரம் வரை குட்டி எவரோடு பழகுகிறதோ, அவர்களை அது வாழ்நாளெல்லாம் அஞ்சாது என்று இன்றைய ஆய்வாளர் கூறுவர். துறவியர் அதை நூலில் கற்கவில்லை. அவர்களது விருந்தோம்பலே அப்பாடத்தை நடத்திற்று.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைவழிகாட்டிகள் நாய்களை முன்னே விட்டு நடக்கலாயினர். அகன்ற மார்பால் பனியைப் பிளந்து தடம் காட்டவும், மூடுபனியில் வழி தவறாமல் வீடு திரும்பவும், பனிக்கடியில் கிடக்கும் மனிதரை மோப்பத்தால் அறியவும் அவற்றால் முடிந்தது. தாமதமாகக் கண்டெடுக்கப்பட்டோரின் உடல்களை வைக்க இல்லத்தை அடுத்து ஒரு பிணவறையே இருந்தது என்றால், அந்தப் பணியின் அருமை விளங்கும். இருநூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் காப்பாற்றப்பட்டனர் என்பர்.

அவற்றுள் புகழ்பெற்றது, 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை அது மீட்டதாகச் சொல்லப்படுகிறது. நாற்பத்தொன்றாவது ஆள் அதை ஓநாய் என்றெண்ணிக் கொன்றான் என்னும் கதை பொய். முதுமையில் பெர்ன் நகருக்கு அனுப்பப்பட்டு, 1814-இல் அங்கேயே அது இறந்தது. மதுப்பீப்பாயும் அப்படித்தான். 1820-இல் எட்வின் லேண்ட்சீர் என்ற இளம் ஆங்கில ஓவியர் வரைந்த படமே அக்கற்பனையை உலகெங்கும் பரப்பிற்று.

புகழ் அந்நாய்களுக்கு நன்மை செய்யவில்லை. கடுங்குளிராலும் பனிச்சரிவாலும் அவை குறைந்தபோது, 1830-ஐ ஒட்டி நியூஃபவுண்ட்லாந்து நாயோடு கலந்து பார்த்தனர். பிறந்த நீள்மயிர்க் குட்டிகளின் உடலில் பனி உறைந்து ஒட்டியது. மலைக்குப் பயன்படாத அவை பள்ளத்தாக்கு மக்களுக்குத் தரப்பட்டன. 1855 முதல் ஹைன்ரிக் ஷூமாக்கர் என்ற விடுதிக்காரர் பாரியின் சாயலை மனத்திற்கொண்டு இனத்தை ஒழுங்குபடுத்தினார். 1887-இல் அதன் இலக்கணம் பன்னாட்டளவில் வரையறுக்கப்பட்டது. கண்காட்சிகளோ மேலும் பெரிய தலையையும் மேலும் கனத்த உடலையும் கேட்டன. பதினொன்றாம் பயஸ் புனித பெர்னார்தை ஆல்ப்ஸ் மலைவாழ்நரின் பாதுகாவலராக அறிவித்த 1923-ஆம் ஆண்டில்தான், பெர்ன் அருங்காட்சியகத்தில் பாரியின் பாடம் செய்த உடல் புதுப்பிக்கப்பட்டது. புதிய நாய்களைப் போலத் தோன்றும்படி அதன் தலையையும் மாற்றியமைத்தனர். மூதாதையைப் பேரப்பிள்ளையின் சாயலுக்குத் திருத்திய விந்தை அது!

சாந்தம் இரத்தத்தில் ஊறிவிட்டது, இனிக் கவலையில்லை என்று எவரும் நினைத்திருந்தால், 1937 அதைத் தகர்த்தது. பெற்றோருடன் அம்மலைக்கு வந்த பத்து வயதுச் சிறுமியை இல்லத்து நாய்களே தாக்கிக் கொன்றன. அந்நிகழ்வை மறைத்துவிட்டு இந்த இனத்தின் மென்மையைப் பாடுவது நேர்மையாகாது. அத்தனை வலிமை கொண்ட உயிரிடம் ஒவ்வொரு தலைமுறையிலும் தெரிவும் பழக்கமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

1964-இல் மலையைக் குடைந்து சாலை திறக்கப்பட்டது; ஹெலிகாப்டர்களும் வந்தன. நாய்களின் மீட்புப்பணி ஓய்ந்தது. எண்ணிக்கையில் குறைந்துவிட்ட துறவியர், அவற்றைப் பராமரிக்க இயலாமல் 2005-இல் மார்த்தினி நகரில் உள்ள பாரி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். இன்று அவை முதியோர் இல்லங்களுக்கும் நோயாளிகளிடமும் அழைத்துச் செல்லப்படுகின்றன. நடுங்கும் கை தலையில் படும்போது அசையாமல் நிற்கப் பழக்கப்படுகின்றன. கோடையில் சில நாய்கள் மீண்டும் கணவாய்க்கு ஏறுகின்றன. பனி சாலையை மூடுமுன் அவை இறங்கிவிடும்; துறவியர் மட்டும் வருவோருக்காக மேலேயே தங்குகின்றனர்.