தங்கப் பொத்தான் போட்ட ஜிப்பா

சென்னிமலையில் முகூர்த்த நாளன்று எந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றாலும் பட்டுச் சட்டைக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளை, மச்சான், பத்து வயசுப் பையன் வரை வேட்டிக் கரைக்குத் தோதான நிறத்தில், அட்டைப் பெட்டியோடு வாங்கிய செட். ஆகவே செத்தது பட்டு இல்லை. அளவெடுத்துத் தைத்த சில்க் ஜிப்பா. இந்த இரங்கல் அதற்கு.

பண்ணையக்காரர், நூல் வியாபாரி, கொஞ்சம் சங்கீதப் பித்துள்ளவர் என்று இவர்கள் போட்டுத் திரிந்த உடுப்பு அது. பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் பேர்போன ஊரில் தறியில் ஓடியது பருத்தி. ஜிப்பாவுக்கான பட்டு வெளியூரிலிருந்து வந்தது. நிறம் பெரும்பாலும் சந்தனம். முன்பட்டி நெஞ்சோடு நின்றுவிடும், தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். பொத்தான் துணியோடு சேர்த்துத் தைத்ததல்ல. மெல்லிய சங்கிலியில் கோத்த தங்கப் பொத்தான்கள். வெளுக்கப் போடும் முன் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுவார்கள். அதனால் பட்டியின் இரண்டு பக்கமும் காஜா வேண்டும்.

தையல்காரரின் கை தெரிவது அந்தக் காஜாவில்தான். பட்டு, கத்தரி பட்ட இடத்தில் இழை பிரிந்து ஓடும் துணி. காஜா வரப்போகும் இடத்தைச் சுற்றி முதலில் நூலோட்டி, அப்புறம் வெட்டி, வெட்டின ஓரத்தைப் பட்டு நூலால் முடிச்சுக்கு மேல் முடிச்சாக நெருக்கிக் கட்ட வேண்டும். மெஷினில் வைத்தால் துணி வழுக்கும். அடியில் தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுப்பார்கள். ஊசி முனை மழுங்கியிருந்தால் ஒரு இழை இழுபட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே கோடு விழும். அதை மறைக்க வழியே இல்லை. உள்தையலை ஓரம் உள்ளே போகும்படி இரண்டு தரம் அடிப்பார்கள், பிசிர் எங்கும் எட்டிப் பார்க்காது. கக்கத்தில் ஒரு சின்னச் சதுரத் துண்டு. கை தூக்கும்போது தோள் இழுக்காமல் இருக்க அதுதான் காரணம். இவ்வளவு பாடும் எதற்கென்றால், உடம்பைப் பிடிக்காத ஒரு சட்டைக்கு. ஆள் நடந்தால் துணி அரை நொடி தாமதித்துக் கூட வரும். ஜிப்பாவின் அழகு முழுக்க அந்தத் தாமதம்தான் என்பேன்.

இந்த ஜிப்பா மோகத்தை ஊதிவிட்டவர்களில் முதலாமவர் பாடகர்-நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1943-இல் வந்த 'சிவகவி', 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' இரண்டும் கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான படங்கள். பாகவதர் கிராப்பும் சில்க் ஜிப்பாவும் சேர்ந்தே பரவின. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் கதை வேறு. நாதஸ்வரக்காரர் வெற்றுடம்போடு, துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில் அவர் குடுமியை எடுத்தார், ஷெர்வானி மாட்டினார். அது ஆடம்பரம் மட்டுமில்லை, மரியாதையைக் கேட்டு வாங்கும் காரியம்.

எங்கள் பக்கத்து ஜிப்பாவுக்கு அந்தப் பெருமை கிடையாது. சந்தன நிறப் பட்டு எதிரே வந்தால் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்தது. துண்டை இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இரங்கலில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்குத் துக்கம் தையலுக்காக, அதிகாரத்துக்காக அல்ல.

முதல் அடி கதரிலிருந்து விழுந்தது. கொடிகாத்த குமரன் 1904-இல் பிறந்தது இதே சென்னிமலையில், நெசவாளர் வீட்டில். சீமைத் துணியைக் கொளுத்திய தலைமுறைக்குப் பட்டு உறுத்தியது. ஆனால் கதர்க்காரர்களும் ஜிப்பாவைத்தான் போட்டார்கள். துணி மாறியது, வெட்டு மாறவில்லை. அப்புறம் டெரிலின், டெரிகாட்டன். இஸ்திரி வேண்டாம், தண்ணீரில் அலசி உதறினால் போதும் என்பதற்கு முன்னால் எந்தக் கைக்காஜா நிற்கும்?

கடைசியாகக் கழுத்தை நெரித்தது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், ரியல் எஸ்டேட் தரகர் எல்லாருக்கும் இப்போது ஒரே உடுப்பு. பையின் மெல்லிய துணிக்குள்ளிருந்து தலைவர் படம் தெரியும். வெள்ளை வெளேரென்று விறைப்பாக நின்று, நான் யார் தெரியுமா என்று கேட்கிற சட்டை. ஜிப்பாவும் அதைத்தான் கேட்டது, ஆனால் கூடவே தன் ரசனையையும் காட்டியது. ஆண்பிள்ளைக்கு அழகில் நாட்டம் இருக்கலாம் என்பதற்குக் கொங்குச் சீமையில் இருந்த ஒரே அனுமதிச்சீட்டு அது.

பொத்தான் செட்டுகள் பவுன் விலை ஏற ஏற உருகி, பேத்திகளின் கம்மலாகிவிட்டன. கைக்காஜா போட்டவர்களின் பிள்ளைகள் திருப்பூர் கம்பெனிகளில், ஒருவர் கைக்கு ஒரு தையல் என்று டி-ஷர்ட் தைக்கிறார்கள். அதில் அவர்களுக்கு வருமானம் கூடுதல், குறை சொல்ல ஏதுமில்லை. இன்றைக்குத் தைக்கிற ஒருவரிடம் போய் இரண்டு பக்கமும் காஜா வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். துணியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் எதுக்குங்க, ஒரு பக்கம் பட்டன் வெச்சே தெச்சுக் குடுத்தர்றனுங்க" என்பார்.