நுங்கம்பாக்கம் கோர்ட்டுகள் – 4: நூறாவது படி

சென்ற வாரம் 2017 ஜூலையில் நிறுத்தியிருந்தோம். சென்னை ஓபன் புனேவுக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. போட்டியை நடத்தும் உரிமை ஐஎம்ஜி ரிலையன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் மகாராஷ்டிர டென்னிஸ் சங்கத்தோடு கைகோத்துக்கொண்டது. 1997 முதல் 2017 வரை 21 முறை நடந்த போட்டி, ஓர் அறிவிப்போடு ஊரைவிட்டுப் போனது. ராஃப்டர் கோப்பை தூக்கிய ஊர். மோயா இரண்டு முறையும் வாவ்ரிங்கா நான்கு முறையும் வென்ற ஊர். 2008 இறுதியில் நடாலை யூஷ்னி 6-0, 6-1 என்று உட்கார வைத்த ஊர். அங்கே இனி என்ன நடக்கும் என்ற கேள்வியோடு போன வாரம் பிரிந்தோம்.

பதில் வர ஏழு மாதம் ஆனது. 2018 பிப்ரவரியில் அதே நுங்கம்பாக்கம் அரங்கில் வலை கட்டினார்கள். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த அரங்கம் அது. நடத்தியது தமிழ்நாடு டென்னிஸ் சங்கம். போட்டியின் பெயரோடு புதிதாக ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது: சேலஞ்சர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடியது. தொழில்முறை ஆண்கள் டென்னிஸில் மேல்தட்டு ஏடிபி டூர். அதற்குக் கீழே இருப்பது சேலஞ்சர். 1978 முதல் உலகமெங்கும் நடக்கும் இரண்டாம் தட்டுப் போட்டிகள் இவை. ஆட்டக்காரர் பட்டியலில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஒன்றுகூட இருக்காது. பழைய சென்னை ஓபனை வென்றவருக்கு 250 புள்ளி கிடைக்கும். இதை வென்றால் 80. மொத்தப் பரிசுத் தொகை 50,000 டாலர், அதுவும் ஆடும் அத்தனை பேருக்கும் சேர்த்து. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் தோற்று வெளியேறிய ஒருவருக்கே 60,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். இங்கே ஒரு வாரம் முழுக்க அத்தனை பேரும் வியர்வை சிந்திப் பங்கிட்ட தொகையும், மெல்பர்னில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் தோற்று வாங்கிய தொகையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அப்படியானால் எதற்காக ஆடினார்கள்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இனி வரும் வாரங்கள் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கப் போகின்றன.

ஒரு கிராண்ட் ஸ்லாமின் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 பேர் ஆடுவார்கள். அதில் 16 இடம் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்று வருபவர்களுக்கு. எட்டு இடம் வைல்டு கார்டுக்கு. மீதி 104 இடங்களும் உலகத் தரவரிசையை வைத்து நேரடியாக நிரப்பப்படும். அதாவது, உலகில் முதல் நூறுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் கதவும் தானாகத் திறக்கும். முதல் சுற்றிலேயே தோற்றாலும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பிசியோவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் அந்தப் பணம் போதும். 130-வது இடத்தில் இருப்பவருக்கு இதில் எதுவுமே நிச்சயமில்லை. ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். வாழ்க்கையில் இருப்பதோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இன்னொன்று: தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். போன ஆண்டு இதே வாரத்தில் சம்பாதித்ததை இந்த ஆண்டு மறுபடி சம்பாதிக்காவிட்டால் அது கழிந்துவிடும். நூறுக்குள் நுழைவதும் கடினம், நுழைந்தபின் நிற்பதும் கடினம்.

அந்த நூறாவது படியில் ஏறுவதற்கான ஏணி சேலஞ்சர். சென்னை இழந்த போட்டியை நினைத்து நகரம் வருந்தியது நியாயம்தான். நானும் அந்த வருத்தத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 21 ஆண்டுகளில் ஓர் இந்தியர்கூட அங்கே ஒற்றையர் கோப்பையைத் தொடவில்லை. பயஸ்-பூபதி ஜோடி இரட்டையரில் ஐந்து முறை வென்றது பெருமை. ஒற்றையரில் இறுதிவரை போனவர் சோம்தேவ் ஒருவர்தான், 2009-ல். மற்ற நம்மவர்களில் பெரும்பாலோர் வைல்டு கார்டில் உள்ளே வந்து, ஒன்றிரண்டு ஆட்டத்தில் வெளியேறினார்கள். நட்சத்திரங்களைப் பார்க்க நமக்கு அது வாய்த்தது. நம் பையன்கள் மேலே ஏற வேண்டுமானால் வேண்டியது வேறொரு போட்டி. அது 2018-ல்தான் இந்த ஊரில் வேர்பிடித்தது என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஆண்டே அதற்குச் சாட்சி கிடைத்தது. யூகி பாம்ப்ரி இறுதிக்கு வந்தார். 2009-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்றவர். அதன்பின் காயங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தவர். எதிரே ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் தாம்சன். மூன்று செட் வரை இழுத்த ஆட்டத்தில் கடைசியில் கோப்பை தாம்சன் கைக்குப் போனது. ஆனால் யூகி வெறுங்கையோடு திரும்பவில்லை. இறுதியில் தோற்றவருக்கான புள்ளிகள் சேர்ந்தன. அடுத்த மாதம் இந்தியன் வெல்ஸில் உலகின் 12-வது இடத்தில் இருந்த லூகா பூயியை வீழ்த்தினார். ஏப்ரலில் 83-வது இடம். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன் மூன்றிலும் பிரதான சுற்றில் ஆடினார். பிறகு முழங்கால் அவரை நீண்ட காலம் முடக்கிப் போட்டது. அது தனிக் கதை, வலி நிறைந்த கதை; இரட்டையரில் அவர் மீண்டு வந்ததைச் சொல்லும்போது பார்ப்போம்.

இப்போது 2019 பிப்ரவரி. இரண்டாம் ஆண்டு. இந்த முறை சொந்த ஊர்க்காரர் ஒருவர் களத்தில் நின்றார்.

பிரஜ்னேஷ் குணேஸ்வரன். சென்னைக்காரர், இடதுகை ஆட்டக்காரர். வயது 29. டென்னிஸில் 29 என்பது பலர் கணக்கை முடித்துக்கொள்ளத் தொடங்கும் வயது. இவருக்கோ அப்போதுதான் கணக்கு தொடங்கியிருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில், மற்றவர்கள் ஓடி ஓடிப் புள்ளி சேர்க்கும் பருவத்தில், முழங்கால் எலும்பில் விழுந்த விரிசல்கள் பல ஆண்டுகளைத் தின்றுவிட்டன. கோர்ட்டில் இருக்க வேண்டியவர் சிகிச்சையில் இருந்தார். திரும்பி வந்தபோது தரவரிசையில் அவர் பெயரைத் தேட வேண்டியிருந்தது. அடியிலிருந்து மறுபடி ஏறினார். 2018-ல் சீனாவின் ஆனிங்கில் முதல் சேலஞ்சர் பட்டம். அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர். 2019 ஜனவரியில் மெல்பர்னில் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று முதல்முறையாக ஒரு கிராண்ட் ஸ்லாமின் பிரதான சுற்றுக்குள் கால் வைத்தார். முதல் சுற்றில் டியாஃபோவிடம் தோற்றார். ஆனாலும் தரவரிசையில் நூறை நெருங்கிவிட்டார். இன்னும் சில படிகள்தான்.

அந்தச் சில படிகளை ஏற உலகத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அவர் போயிருக்க வேண்டியிருக்கும். சேலஞ்சர் ஆட்டக்காரரின் வாழ்க்கையே அதுதான்: வாரம் ஒரு நாடு, கூட வர ஆளில்லை, மலிவு அறை, அடுத்த விமானம். அந்த வாரம் மட்டும் ஏணி அவர் வீட்டு வாசலிலேயே சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. சொந்த ஊரில் ஆடுவது வரமும் சுமையும் கலந்தது. தெரிந்த முகங்கள் காலரியில் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு டபுள் ஃபால்ட்டும் இரண்டு மடங்கு கனக்கும். பிரஜ்னேஷ் அதைச் சுமந்துகொண்டு சுற்றுச் சுற்றாக முன்னேறினார். அரையிறுதி வந்தது.

அரையிறுதியில் தோற்றார்.

கோப்பை பிரான்ஸின் 19 வயது கொரந்தன் மூத்தேவுக்குப் போனது. இறுதியில் அவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹாரிஸை வென்றார். பத்திரிகைப் பக்கங்களில் அந்த வாரம் அத்தோடு முடிந்தது. ஆனால் டென்னிஸில் திங்கட்கிழமை என்று ஒன்று உண்டு. புதிய தரவரிசை வெளியாகும் நாள். சென்னையில் சேர்த்த புள்ளிகளைக் கூட்டி, காலாவதியான புள்ளிகளைக் கழித்து, 2019 பிப்ரவரி 11 அன்று பட்டியல் வந்தது.

குணேஸ்வரன், பிரஜ்னேஷ்: 97.

அந்த ஓர் எண் என்ன செய்தது என்று பாருங்கள். மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் பெனுவா பேரையும் பாசிலஷ்விலியையும் வென்றார். ஏப்ரலில் 75-வது இடம். அவர் வாழ்க்கையின் உச்சம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார். விம்பிள்டனில் எதிரே ராவ்னிச், நியூயார்க்கில் மெத்வதேவ். நான்கிலும் முதல் சுற்றோடு திரும்பினார், உண்மைதான். ஆனால் முழங்கால் போய்விட்டது என்று ஊர் மறந்துவிட்ட ஒருவர், உலகின் நான்கு பெரிய களங்களிலும் ஒரே ஆண்டில் நின்றார். நூறுக்குள் நுழையும் அந்தக் கடைசி அடி நுங்கம்பாக்கத்தில் எடுத்து வைத்தது. இந்தத் தொடரில் ஒரே ஒரு போட்டி வாரத்தைத்தான் எழுதலாம் என்றால் நான் எழுதுவது இந்த வாரத்தையே.

இனி விரைவாக. 2020, 2021, 2022: சென்னையில் சேலஞ்சர் நடக்கவில்லை. ஏணியை யாரோ எடுத்து மடித்து வைத்ததுபோல் மூன்று ஆண்டுகள். அதற்குள் பிரஜ்னேஷ் நூறைவிட்டு இறங்கிவிட்டார். அவருக்குப் பின் ஓர் இந்திய ஆண்கூட ஒற்றையரில் அந்தப் படியை ஏறவில்லை. 2023 பிப்ரவரியில் போட்டி திரும்பி வந்தது, வென்றால் 100 புள்ளி என்று ஒரு படி உயர்ந்து. ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் வென்றார். அதே சூட்டில் பெங்களூருவையும் புனேவையும் அடுத்தடுத்து அள்ளிக்கொண்டு போனார். ஒரு செய்தியை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே 2018-ல் வென்ற தாம்சனும் 2023-ல் வென்ற பர்செலும் 2024-ல் ஜோடி சேர்ந்து யுஎஸ் ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். இரண்டாம் தட்டு என்று சொன்னோமே, அந்தத் தட்டிலிருந்துதான்.

பிறகு 2024 பிப்ரவரி. இப்போது வருபவர் ஹரியானாவின் சுமித் நாகல்.

நாகலை ஊர் அறியும். 2019 யுஎஸ் ஓபனில் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டைப் பறித்தவர். பின் இடுப்பில் அறுவைச் சிகிச்சை; 2023 தொடங்கியபோது 500-க்கும் கீழே கிடந்தார். ரோமிலும் டாம்பரேயிலும் சேலஞ்சர் வென்று மேலே வந்தும், அந்தச் செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ அளவுக்குத்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர் அவர்! 2024 ஜனவரியில் மெல்பர்ன் தகுதிச் சுற்றைத் தாண்டி, முதல் சுற்றில் 31-ம் நிலை வீரர் பப்ளிக்கை நேர் செட்களில் சாய்த்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை ஓர் இந்தியர் வெல்வது 35 ஆண்டுக்குப் பின் அதுவே முதல்முறை. அதற்கு முன் அதைச் செய்தவர் நம் ரமேஷ் கிருஷ்ணன், 1989-ல், அதே மெல்பர்னில், அன்றைய உலக முதல்வர் மாட்ஸ் விலாண்டரை.

அந்த வெற்றியோடு நாகல் சென்னைக்கு வந்தபோது தரவரிசை 121. இடையில் இருபது படிக்கு மேல். ஒரு செட்கூட இழக்காமல் இறுதிக்கு வந்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இறுதியில் தோற்றால் நூறுக்கு வெளியேதான். கோப்பையை வென்றே ஆக வேண்டும்.

எதிரே நின்றவர் இத்தாலியின் லூகா நார்டி, 20 வயது. அன்று அந்தப் பெயர் அரங்கில் பலருக்குத் தெரியாது. சரியாக ஒரு மாதம் கழித்து இந்தியன் வெல்ஸில் உலக முதல்வர் ஜோகோவிச்சை மூன்று செட்டில் வீழ்த்தப்போவது இதே நார்டிதான்.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. நாணயம் சுண்டியாகிவிட்டது. ஐந்து ஆண்டுகளாக ஓர் இந்தியர் பெயரும் ஏறாத அந்த நூறுக்கும் நாகலுக்கும் நடுவே நிற்பது நார்டி ஒருவர் மட்டும்.

(தொடரும்)