ஒரே பாட்டில், மூன்று கிளாஸ்

ஒரு நிமிடம் நீங்கள் ஒயின் நடுவர் என்று வச்சுக்கோங்க. முன்னால் 30 கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு எண் மட்டும். எந்தக் கம்பெனி, என்ன விலை, எதுவும் தெரியாது. வாயில் வைத்து, சுழற்றி, துப்பிவிட்டு மதிப்பெண் போட வேண்டும். நான்காவது கிளாஸுக்கு 90 போடுகிறீர்கள். பதினோராவதுக்கு 86. இருபத்தி இரண்டாவதுக்கு 94.

இந்த மூன்றும் ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றியவை என்று பிறகு சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்தத் தொடரில் சொல்லப் போறேன்.

முதலில் ஒன்று. நம்ம ஊரில் "ஒயின் ஷாப்" என்றால் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும் இடம். இங்கே பேசுவது திராட்சையைப் புளிக்க வைத்து எடுக்கும் நிஜ ஒயினைப் பற்றி. மருத்துவராக இன்னொன்றும் சொல்லிடறேன்: பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. "டாக்டரே ஒயினைப் பற்றி எழுதியிருக்கார்" என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் காட்ட வேண்டாம்.

கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சி 1854-ல் தொடங்கியது. நம்ம ஊர் பொருட்காட்சியும் மாட்டுச் சந்தையும் சேர்ந்தது போன்ற ஒன்று. விவசாயிகள் விளைவித்ததைக் கொண்டு வருவார்கள், நல்லதுக்குப் பரிசு. அந்த வரிசையில்தான் ஒயினுக்கும் பரிசு.

போட்டி நடக்கும் விதம் எளிதுதான். தயாரிப்பாளர் ஒவ்வொரு ஒயினுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டி, சில பாட்டில்களை அனுப்பி வைப்பார். அவை திராட்சை வகைவாரியாகப் பிரிக்கப்படும். நடுவர் கண்ணில் படாத பின்னறையில் ஊற்றி, எண் போட்டு எடுத்து வருவார்கள். நான்கைந்து நடுவர்கள் ஒரு குழு. முதலில் யாரும் யாருடனும் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண். அப்புறம் கூடிப் பேசி தங்கம், வெள்ளி, வெண்கலம் அல்லது ஒன்றும் இல்லை என்று முடிவு. ஒருவர் ஒரே நாளில் 100-க்கும் மேற்பட்ட ஒயின்களைச் சுவைப்பதும் உண்டு. அதனால்தான் விழுங்காமல் துப்புகிறார்கள்.

இப்படிக் கண்ணைக் கட்டிச் சுவைப்பதற்குப் பெரிய மரியாதை வந்தது 1976-ல். அந்த வருடம் மே 24 அன்று, பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு போட்டி வைத்தார். பிரான்சின் பெயர் பெற்ற ஒயின்களும் கலிஃபோர்னியாவின் புது ஒயின்களும் மோதின. மதிப்பெண் கணக்கில் எடுக்கப்பட்ட 9 நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு! இதெல்லாம் எங்கே செய்தியாகப் போகிறது என்று பத்திரிகையாளர்கள் வரவே இல்லை. வந்த ஒரே நிருபர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதிய சின்னச் செய்தி ஒரு தொழிலையே மாற்றியது.

அந்த வெற்றியைப் பற்றிப் பேசும் பலரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சிவப்பு ஒயினில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் சராசரியில் இருந்த வித்தியாசம், 20 மதிப்பெண்ணுக்குக் கால் மதிப்பெண்கூட இல்லை. அதே நடுவர்களுக்கு அதே ஒயின்களை மறுநாள் கொடுத்திருந்தால் வரிசை அப்படியே வந்திருக்குமா? அன்று யாரும் அதைச் சோதிக்கவில்லை.

சோதித்தவர் ராபர்ட் ஹாட்சன். கடலியல் பேராசிரியர், புள்ளியியலும் தெரிந்தவர். கலிஃபோர்னியாவின் வடக்கே ஃபீல்ட்புரூக் என்ற சிறிய ஒயின் ஆலையை அதே 1976-ல் தொடங்கியவர். அவரும் போட்டிகளுக்கு ஒயின் அனுப்புவார். ஒரு போட்டியில் தங்கம் வாங்கிய ஒயின் இன்னொன்றில் வெறுங்கையோடு திரும்பும். மற்ற தயாரிப்பாளர்கள் "நடுவர் சரியில்லை" என்று திட்டிவிட்டு அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவார்கள். இவர் விஞ்ஞானி ஆச்சே, மண்டையைக் குடைந்திருக்கிறது.

மாநிலக் கண்காட்சிப் போட்டியின் ஆலோசனைக் குழுவில் இடம் கிடைத்ததும் ஒரு யோசனை சொன்னார். 30 கிளாஸ் வரிசைக்குள், ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றிய மூன்று கிளாஸ்களை ஒளித்து வைப்போம். எது எது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. கூடிப் பேசுவதற்கு முன் அவர் தனியாகப் போட்ட மதிப்பெண்ணை மட்டும் எடுத்துப் பார்ப்போம். போட்டி நடத்தியவர்களும் சம்மதித்தார்கள். தன் போட்டியின் நடுவர்களையே சோதிக்க ஒப்புக்கொள்வது சாதாரண விஷயம் இல்லைங்க. எத்தனை துறைகளில் தேர்வு வைப்பவருக்குத் தேர்வு நடந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

2005-ல் தொடங்கி நான்கு ஆண்டுகள். ஆண்டுக்கு 65 முதல் 70 நடுவர்கள். 2008-ல் கட்டுரை வெளிவந்தது. மூன்று கிளாஸுக்கும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் போட்டவர்கள் சுமார் 10% பேர்தான். இன்னொரு 10% பேர், ஒரே ஒயினுக்கு ஒரு முறை வெண்கலமும் இன்னொரு முறை தங்கமும் கொடுத்திருந்தார்கள். சரி, அந்த முதல் 10% பேரையாவது நிரந்தர நடுவராக வைத்துக்கொள்ளலாமே? அதுவும் முடியவில்லை. ஒரு வருடம் அசத்தியவர் அடுத்த வருடம் எல்லோரையும் போல ஆகிவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிலையாக இருந்தார்கள். பிடிக்காத ஒயினை மூன்று முறையும் பிடிக்கவில்லை என்றே சொன்னார்கள். கெட்டுப்போன குழம்பை யாரும் சொல்லிவிடுவார்கள், நல்ல குழம்புகளில் எது ஒசத்தி என்பதில்தான் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும், இல்லையா?

"அப்போ நடுவர்கள் எல்லாம் டுபாக்கூரா டாக்டர்?" என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் படித்தவர்கள், அனுபவசாலிகள். பிரச்சினை உடம்பில் இருக்கிறது. சிவப்பு ஒயினில் உள்ள டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நாக்கில் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் இருபதாவது கிளாஸைச் சந்திக்கும் வாய், முதல் கிளாஸைச் சந்தித்த அதே வாய் இல்லை. மூக்கும் அப்படித்தான். பூக்கடைக்குள் நுழைந்ததும் வரும் மணம் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறதே, பூவில் இருந்தா போயிற்று? முன்னால் சுவைத்தது இனிப்பாக இருந்தால் அடுத்தது புளிப்பாகத் தெரியும். காபி குடித்துக்கொண்டே ஜாங்கிரி சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண் வேறு குறுக்கே வரும். 2001-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அந்த வாசனையை விவரிக்க எடுத்ததெல்லாம் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்கள். மூளை கண்ணை நம்பி மூக்கை எழுதியிருக்கிறது.

இதைப் படித்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஏன்னா எங்கள் துறையில் இதே கதை 60 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காசநோயைக் கண்டுபிடிக்க எந்த வகை எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். ஐந்து அனுபவசாலிகள் ஒரே நெஞ்சுப் படங்களைப் படித்தார்கள். 1947-ல் முடிவு வந்தபோது, ஃபிலிம் வகைகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிட, படிப்பவர்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. அந்தக் காலத்து ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு படங்களில் ஒரு மருத்துவர் மற்றவரோடு ஒத்துப்போகவில்லை. ஐந்தில் ஒரு பங்கில், தானே முன்பு சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஒரே படத்தை இருவர் தனித்தனியாகப் படிக்கும் வழக்கத்துக்கு வலு சேர்த்தது இதுதான். ஓபியில் சந்தேகமான படம் வந்தால், நான் என்ன பார்த்தேன் என்று சொல்லாமலேயே பக்கத்து மேசை டாக்டரிடம் நீட்டுவேன். சொல்லிவிட்டுக் காட்டினால் அவர் கண்ணும் என் கண்ணாகிவிடும்.

ஹாட்சனுக்கு வருவோம். அவர் அதோடு விடவில்லை. 2009-ல் 13 அமெரிக்கப் போட்டிகளின் முடிவுகளைக் குவித்து வைத்துப் பார்த்தார். 4,000-க்கும் மேற்பட்ட ஒயின்கள். அதில் மூன்றுக்கும் அதிகமான போட்டிகளுக்குப் போனவை 2,440. அவற்றில் 47% எங்கோ ஒரு போட்டியில் தங்கம் வாங்கியிருந்தன. ஆஹா என்று தோன்றும். ஆனால் அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84% ஒயின்கள், வேறொரு போட்டியில் வெண்கலம்கூட வாங்காதவை.

அதாவது ஒரு சுமாரான ஒயினை வைத்துக்கொண்டு ஐந்து போட்டிகளுக்குக் கட்டணம் கட்டினால், எங்காவது ஒரு தங்கம் விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தங்க ஸ்டிக்கர் பாட்டிலில் ஏறிக் கடைக்கு வரும். மற்ற நான்கு போட்டிகளின் முடிவை யாரும் பாட்டிலில் ஒட்டுவதில்லை.