நறுக்கிய காய்கறி கறுத்துப் போவது ஏன்? சாப்பிடக்கூடிய மேற்பூச்சு எப்படித் தடுக்கிறது?

காலையில் நறுக்கி பாக்கெட் போட்ட கத்தரிக்காயும் வாழைக்காயும் மதியத்துக்குள் கறுத்துப் போனால், யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கி.மீ., விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கி.மீ. இந்த தூரத்தை வெயிலில் கடக்கும் நறுக்கிய காய்க்கு நிறம் மாறினால், அது நேரடி நஷ்டம்தான். இதைத் தள்ளிப்போட ஒரு வழி, 'எடிபிள் கோட்டிங்' எனப்படும் உண்ணத்தக்க மேற்பூச்சு.

ஏன் கறுக்கிறது?

காயின் செல்லுக்குள் பீனால் சேர்மங்களும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கும். கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலந்துவிடும். காற்றின் ஆக்சிஜனும் சேரும்போது பழுப்பு நிறம் உருவாகிறது. வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, அதன் சூட்சுமம் இதுதான். மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. மோரில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைவாகவே படுகிறது.

மேற்பூச்சு என்ன செய்கிறது?

காயின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, ஆக்சிஜனைக் குறைக்கிறது. ஈரம் வெளியேறுவதையும் மட்டுப்படுத்துகிறது. கடற்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட், இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், சோற்றுக்கற்றாழை ஜெல் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் விளையும் மரவள்ளியின் ஸ்டார்ச்சும் இதற்கு ஏற்றது.

ஆல்ஜினேட் கரைசலில் முக்கி, பிறகு கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கினால் படலம் இறுகும். கூடவே வைட்டமின் சி, சிட்ரிக் அமிலம் சேர்த்தால் பலன் கூடும். படலம் மட்டும் போட்டால் கறுப்பு முழுசாக நிற்காது.

முன்பு சல்பைட் உப்புகளைப் பயன்படுத்தினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானதால், பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் அதைப் பயன்படுத்த அமெரிக்கா 1986-ல் தடை விதித்தது.

இதில் எச்சரிக்கை எங்கே?

கறுத்த காய் எல்லாம் கெட்டுப்போனதல்ல. அதேபோல பளிச்சென்று இருக்கும் காய் எல்லாம் பாதுகாப்பானதும் அல்ல. மேற்பூச்சு நிறத்தைக் காப்பாற்றினாலும், அழுக்குத் தண்ணீரில் கழுவிய காயிலிருக்கும் கிருமியைப் போக்காது. எனவே நல்ல தண்ணீர், சுத்தமான கத்தி, சுமார் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். பூச்சு அதற்குப் பிறகுதான்.

கைட்டோசான் பூசினால் அதை லேபிளில் சொல்வதும் முக்கியம். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களும், சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் பார்த்து முடிவு செய்ய வேண்டுமே!

வீட்டில் என்ன செய்யலாம்?

மேற்பூச்சு தேவையில்லை. நறுக்கியதும் தண்ணீரிலோ மோரிலோ போடுங்கள், அல்லது சில துளி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். அதிக நேரம் வைக்காமல் சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.